கேஸ் ஷீட்டுல எழுத முடியாதது

ஒரு டாக்டர் கதை எழுதுறார்னு கேள்விப்பட்டா முக்கால்வாசி பேர் ரெண்டு விஷயம்தான் சொல்வாங்க. ஒண்ணு, இவருக்கு எழுத நேரம் எங்கருந்து வருது. இன்னொண்ணு, தினமும் பிறப்பையும் சாவையும் பார்க்கறவருக்குக் கதைக்கு என்ன பஞ்சம், கண்ணு முன்னாடியே கொட்டிக் கிடக்குமே. முதல் கேள்வி நியாயமானது, அதுக்குப் பின்னாடி வரேன். ரெண்டாவதுதான் என்னை ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. சாவைப் பக்கத்துல நின்னு பார்க்கறவங்க வேற எத்தனையோ தொழில்ல இருக்காங்க, ஆம்புலன்ஸ் ஓட்டறவங்க, மார்ச்சுவரில வேலை செய்யறவங்க, தீயணைப்பு வண்டில போறவங்க, கிரிமினல் கோர்ட்டுல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்கற குமாஸ்தா, இவங்க எல்லாரும் டாக்டர் அளவுக்குப் பார்த்தவங்கதான், சில பேர் அதுக்கும் மேல பார்த்தவங்க. ஆனா இலக்கிய வரலாற்ற எடுத்தா ரஷ்யாவோட செகாவ், புல்ககோவ், இங்கிலீஷ் நாவலாசிரியர் சோமர்செட் மாம், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதின கானன் டாயில், அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், நம்ம பக்கம் நாவலாசிரியை லக்ஷ்மின்னு டாக்டர்கள்தான் வரிசையா வர்றாங்க. சம்பவம் கிடைக்கறது மட்டும்தான் காரணம்னா இந்த வரிசை இப்படி இருந்திருக்காது.

என்னோட கணிப்பு, காரணம் ஹிஸ்டரி எடுக்கறதுல இருக்கு.

மெடிக்கல் காலேஜ்ல வார்டுக்குள்ள போன உடனே சொல்லிக் குடுக்கற முதல் வேலை அதுதான். ஊசி போடறது, கத்தி பிடிக்கறது எல்லாம் அப்புறம். முன்ன பின்ன தெரியாத ஒரு ஆள் பக்கத்துல போய் உட்கார்ந்து என்ன பண்ணுது, எப்போ ஆரம்பிச்சுது, முதல்ல எது வந்துச்சு, அதுக்கப்புறம் எது, எதனால கூடுது எதனால குறையுது, வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா, என்ன வேலை பார்க்கறீங்க, தூக்கம் எப்படி, குடிப்பீங்களான்னு வரிசையா கேக்கணும். இதக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஒரு நாவலாசிரியன் தன் பாத்திரத்துக்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட இதுக்குள்ளயே இருக்கு. அதுவும் காலவரிசையோட, காரண காரியத்தோட. முக்கியமா, சொல்றவர் சொல்லாம விட்டது எதுன்னு கவனிக்கற பழக்கத்தோட. நெஞ்சு வலின்னு வந்தவர் எல்லாத்தையும் சொல்லிட்டு எழுந்து போற நேரத்துல கதவுக்குப் பக்கத்துல நின்னு "அப்புறம் டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்"னு ஆரம்பிப்பார், அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் அவர் வந்திருப்பார். இது எல்லா டாக்டருக்கும் தெரியும். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகக் காத்திருக்கத் தெரிஞ்சவன் நல்ல டாக்டர், அவனுக்கே கதையும் எழுத வரும்னு நான் நம்பறேன்.

ஆனா நடைமுறைல இந்தக் கேக்கற வேலை சீக்கிரமே தேய்ஞ்சு போகுது. 1984ல பெக்மேன், ஃப்ராங்கல்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல டாக்டரும் நோயாளியும் பேசறத ரெக்கார்ட் பண்ணி ஆராய்ச்சி பண்ணாங்க. நோயாளி தன் கஷ்டத்தச் சொல்ல ஆரம்பிச்சு சராசரியா 18 வினாடில டாக்டர் குறுக்க பேசிட்டார்னு கண்டுபிடிச்சாங்க. 1999ல இன்னொரு குழு அதே மாதிரி பார்த்தப்போ 23 வினாடி. பதினஞ்சு வருஷத்துல கூடுனது அஞ்சே வினாடி. டாக்டர்கள் கெட்டவங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வெளிய அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது எல்லாரையும் முழுசா பேச விட முடியாது, அதுவும் உண்மைதான். அப்படி நடுவுல வெட்டப்பட்ட பேச்செல்லாம் எங்க போகுதுங்கறதுதான் எனக்குக் கேள்வி.

கேஸ் ஷீட்டுல போகாது. ஏன்னா கேஸ் ஷீட்டுக்குன்னு ஒரு மொழி இருக்கு. ஒரு வயசான அம்மா வந்து "மாடிப்படி ஏற முடியல தம்பி, நடுவுல உட்கார்ந்துடறேன், பேத்தி முன்னாடியே ஓடிப் போயி மேல நின்னு கூப்பிடறா, எனக்கு அழுகையா வருது"ன்னு சொன்னா, ஷீட்டுல ஏறறது "மூச்சுத்திணறல், படியேறும்போது, ரெண்டு மாசமா" அவ்வளவுதான். பேத்தி போயாச்சு, அழுகையும் போயாச்சு. இத நான் குறையா சொல்லல, அடுத்த ஷிஃப்ட் டாக்டருக்கு ராத்திரி மூணு மணிக்கு அந்த மூணு துண்டுதான் வேணும், பேத்தி கதை அந்த நேரத்துல உயிரக் காப்பாத்தாது. ஆனா அந்த அம்மாவுக்கு நோய்னா என்னங்கறது பேத்தி மேல நின்னு கூப்பிடறதுலதான் இருக்கு. எழுதற டாக்டர் அந்தப் பேத்திய மறக்க முடியாத ஆள்.

அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில ரீட்டா சாரோன்னு ஒரு டாக்டர், இலக்கியத்துலயும் பிஎச்டி பண்ணவங்க, இத ஒரு பாடமாவே ஆக்கிட்டாங்க. நோயாளியோட கதையக் கவனிச்சுக் கேட்டு வைத்தியம் பண்றத நேரட்டிவ் மெடிசின்னு இன்னிக்குப் பேசறாங்களே, அதுக்கு அந்தப் பேரக் குடுத்து வளர்த்தது அவங்கதான். மாணவர்களுக்கு அவங்க குடுத்த பயிற்சிக்கு பேரலல் சார்ட்னு பேர். ஆஸ்பத்திரி சார்ட்டுல எழுதறத எழுதிடு, அதுல எழுதக் கூடாதது, ஆனா எங்கயாவது எழுதியே ஆகணும்னு தோணறது, அத இன்னொரு தாள்ல சாதாரண பாஷைல எழுதிக் கொண்டு வா, குழுவுல சத்தமா படிக்கலாம். படுக்கைல இருக்கற தாத்தாவப் பார்த்தா செத்துப் போன தன் தாத்தா ஞாபகம் வந்து வார்டுக்குள்ள போகவே முடியலன்னா அத எழுதலாம். இது டைரி இல்லன்னு சாரோன் தெளிவா சொல்றாங்க, எழுதறது அந்தக் குறிப்பிட்ட நோயாளியப் பத்தி இருக்கணும். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், ஏன்னா இங்க எழுத்து பொழுதுபோக்கா இல்ல, சிகிச்சையோட இன்னொரு பாதியா இருக்கு.

இந்தப் பாதி எவ்வளவு தூரம் போகும்னு பார்க்கணும்னா வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் எழுதின ஒரு கதையப் பார்க்கணும். அவர் நியூ ஜெர்சில ரூதர்ஃபோர்டுங்கற சின்ன ஊர்ல 1910லருந்து 1951 வரைக்கும் பிராக்டிஸ் பண்ணவர், குழந்தைங்களும் பிரசவமும்தான் பெரும்பாலும். அந்தக் கதை 1938ல அவர் தொகுப்புல வந்தது, சில பக்கம்தான். தொண்டை அடைப்பான்னு சொல்ற டிப்தீரியா பரவிட்டு இருக்கற நேரம், ஒரு ஏழை வீட்டுக்கு டாக்டர் போறார், சின்னப் பொண்ணுக்குக் காய்ச்சல், தொண்டைய பார்க்கணும், பொண்ணு வாயத் திறக்க மாட்டேங்குது. கெஞ்சறார், நடக்கல. கிட்டப் போனா கண்ணப் பிராண்ட வருது, கண்ணாடி பறந்து போய் விழுது. மரக்குச்சிய வாய்க்குள்ள விட்டா கடிச்சுத் தூள் பண்ணுது, நாக்குல ரத்தம். அப்புறம் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி, பலவந்தமா வாயத் திறந்து பார்த்தா, டான்சில் ரெண்டுலயும் சவ்வு, அதாவது டிப்தீரியாதான். மூணு நாளா தொண்டை வலிய மறைச்சு வெச்சிருக்கு அந்தப் பொண்ணு.

மேலோட்டமா பார்த்தா டாக்டர் ஜெயிச்ச கதை. ஆனா வில்லியம்ஸ் அங்க எழுதற விஷயம் வேற. அந்தப் பிடிவாதக்காரப் பொண்ணு மேல தனக்கு ஒரு ஈர்ப்பே வந்துடுச்சுன்னும், பலம் பிரயோகிக்கறதுல தனக்கு ஒரு சுகம் இருந்துச்சுன்னும், குழந்தைய அதோட முட்டாள்தனத்துலருந்து காப்பாத்தணும்ங்கற நியாயம் எல்லாம் சரிதான், ஆனா கடைசில தன்னை ஓட்டினது அந்த நியாயம் இல்ல, கண்மண் தெரியாத கோபம்னும் அந்த டாக்டரே சொல்றார். எந்தக் கேஸ் ஷீட்டுல இத எழுத முடியும்? "டான்சில்ல மெம்பரேன் இருக்கு"ன்னுதான் எழுத முடியும். வெளியாள் ஒருத்தர் இத எழுதியிருந்தா டாக்டரக் குத்தம் சொல்ற கதையா போயிருக்கும், உள்ள இருந்தவரே எழுதினதாலதான் செய்ய வேண்டிய வேலைய சரியா செய்யும்போதே மனசுக்குள்ள எது எழும்புதுங்கறது வெளிய வந்துச்சு. டாக்டர் எழுத்துக்குன்னு ஒரு தனி நியாயம் இருக்குன்னா அது இந்த மாதிரி இடத்துலதான் இருக்குன்னு நான் சொல்வேன்.

புல்ககோவும் இதே ஆளுதான். 1916ல கீவ்ல படிச்சு முடிச்ச கையோட ஸ்மோலன்ஸ்க் பக்கம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க, சுத்துவட்டாரத்துல ஆலோசனை கேக்க இன்னொரு டாக்டர் கிடையாது. அந்த அனுபவத்த வெச்சு பின்னால 1925, 26ல எழுதின கதைகள்ல ஒண்ணுல, குறுக்கா கிடக்கற குழந்தைய உள்ளயே திருப்பி எடுக்க வேண்டிய பிரசவம் வருது. இளம் டாக்டர் அதுவரைக்கும் அதப் பண்ணதே இல்ல. சிகரெட் எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடறார், எதுக்குன்னா பிரசவப் புஸ்தகத்தப் புரட்ட. புஸ்தகத்துல ஒவ்வொரு வரிலயும் ஆபத்து, கர்ப்பப்பை கிழியும், அது ஆகும், இது ஆகும்னு போட்டிருக்கு, படிக்கப் படிக்க தலை சுத்துது, திரும்பி வந்தா அனுபவசாலி மருத்துவச்சி முந்தி இருந்த டாக்டர் எப்படிப் பண்ணுவார்னு பேச்சுவாக்குல சொல்லிக்கிட்டே வர்றா, அதுதான் அவருக்குக் கை குடுக்குது. பயம் எந்த டாக்டருக்கும் உண்டு, ஆனா அந்தப் பயத்த நோயாளி முன்னாடி காட்டக் கூடாதுங்கறது தொழில் தர்மம், அதனால அது வெளிய வர்ற ஒரே வழி இந்த மாதிரி எழுத்துதான். புல்ககோவே 1917ல மார்ஃபினுக்கு அடிமையாகி அதுலருந்து மீண்டவர், அந்த விஷயத்தையும் 1927ல கதையா எழுதிட்டார்.

சரி, நேரம். இதுக்கு ஒரே பதில் கிடையாது, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சமாளிச்சிருக்காங்க. வில்லியம்ஸ் தன் கன்சல்டிங் ரூம் மேஜைக்குள்ளயே டைப்ரைட்டர் வெச்சிருந்தார், ஒரு வாக்கியம் பாதில இருக்கும்போது ஆள் வந்தா மெஷின உள்ள தள்ளிட்டு டாக்டராயிடுவார், போனதும் திரும்ப வெளிய இழுப்பார். கவிதைய ப்ரிஸ்கிரிப்ஷன் தாள்லயே எழுதியிருக்கார். அவர் கவிதை சின்னச் சின்ன வரியா இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நினைக்கறேன், நிரூபிக்க முடியாது, ஆனா ரெண்டு நோயாளிக்கு நடுவுல கிடைக்கற அஞ்சு நிமிஷத்துல நீளமான வாக்கியம் வராது. கானன் டாயில் நேர் எதிர், 1891ல லண்டன்ல கண் டாக்டரா போர்டு மாட்டி உட்கார்ந்தார், நோயாளியே வரல, அந்த நேரம் முழுக்க எழுத்துக்குப் போச்சு.

செகாவ் விஷயம் இன்னும் வேற. பணத்துக்காக எழுத ஆரம்பிச்சவர். 1879ல மாஸ்கோவுக்கு மருத்துவம் படிக்க வந்தப்போ குடும்பம் கடன்ல முழுகிட்டு இருந்துச்சு, நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குப் புனைபேர்ல எழுதித்தான் வீட்ட ஓட்டினார், அதுல ஒரு பத்திரிகை நூறு வரிக்கு மேல இடமே குடுக்காது. அந்தக் கட்டாயமும் மருத்துவப் படிப்பும் சேர்ந்துதான் அவர் நடைய ஆக்கிச்சுன்னு சொல்லலாம், வேண்டாதது ஒரு வார்த்தை இருக்காது, பாத்திரத்துக்குத் தீர்ப்பு எழுத மாட்டார், அறிகுறிய மட்டும் காட்டிட்டு நகர்ந்துடுவார். 1884ல டாக்டரானார். 1899ல ஒரு பழைய வகுப்புத் தோழருக்கு எழுதின குறிப்புல மருத்துவப் படிப்பு தன் பார்வைய விரிவாக்குச்சு, நிறைய தப்புகள்லருந்து தன்னைக் காப்பாத்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். இங்க நம்ம லக்ஷ்மி ஞாபகத்துக்கு வராம இருக்காது. திரிபுரசுந்தரிங்கறது நிஜப் பேர், 1921ல பிறந்தவங்க, ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிக்கும்போது வீட்டுல பணம் கட்ட முடியாத நிலைமைல ஆனந்த விகடனுக்குக் கதை எழுதித்தான் படிப்பத் தொடர்ந்தாங்க. டாக்டரா இருந்துக்கிட்டே நாவல் மேல நாவலா எழுதினாங்க, தென்னாப்பிரிக்காவுல பல வருஷம் இருந்துட்டுத் திரும்பினாங்க, 1984ல "ஒரு காவிரியைப் போல" நாவலுக்கு சாகித்ய அகாதமி. டாக்டர் வசதியா சம்பாதிச்சுட்டு பொழுதுபோக்கா எழுதறார்னு நாம நினைக்கற படத்துக்கு இந்த ரெண்டு பேரும் நேர் எதிர், எழுத்துதான் இவங்களுக்கு ஃபீஸ் கட்டுச்சு.

செகாவ் பேர் வந்த பிறகு வைத்தியத்த விட்டிருக்கலாம். விடல. 1890ல ரஷ்யா கைதிகள அனுப்பி வெச்ச சகாலின் தீவுக்குப் போனார், ரயில் இல்லாத சைபீரியாவக் குதிரை வண்டில தாண்டி, உடம்புல டிபியோட. அங்க கைதிகளையும் குடியேறினவங்களையும் வீடு வீடா போய்ப் பார்த்து, ஆளுக்கு ஒரு கார்டு போட்டு, கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரோட விவரம் எடுத்தார். கதை எழுதப் போன பயணம் இல்ல அது, முழுக்க முழுக்க ஹிஸ்டரி எடுத்தது. அப்புறம் 1892ல, தான் குடியிருந்த மெலிகோவோங்கற கிராமத்துல காலரா பயம் வந்தப்போ 25 கிராமம், 4 ஃபேக்டரி, ஒரு மடம், இத்தனைக்கும் சம்பளம் இல்லாத டாக்டர். அதே வருஷம்தான் தன் ஊர் ஆஸ்பத்திரியோட கேவலத்தப் பார்த்தும் எல்லாத்துக்கும் ஒரு தத்துவம் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கற ஒரு டாக்டர் கடைசில தன்னோட வார்டுலயே அடைக்கப்படற கதையும் வெளிவந்துச்சு. இன்னொரு விஷயம் எனக்கு மனசக் கஷ்டப்படுத்தும். 1884லயே ரத்தம் துப்பியவர், ஆயிரக்கணக்கான நோயாளியப் பார்த்தவர், 1897 வரைக்கும் தன் நெஞ்ச ஒரு டாக்டர் கிட்ட ஒழுங்கா காட்டல. 1904ல 44 வயசுல போயிட்டார்.

விட்டுட்டுப் போனவங்களும் உண்டு. மாம் 1897ல டாக்டர் பட்டமும் முதல் நாவலும் ஒரே வருஷத்துல, நாவல் ஓடிச்சு, ஆள் பிராக்டிஸுக்கே வரல, ஆனா லண்டன்ல லாம்பெத் சேரில மாணவனா வீடு வீடா பிரசவம் பார்த்ததுதான் அந்த நாவலே. சீன எழுத்தாளர் லூ ஷுன் ஜப்பான்ல மருத்துவப் படிப்பப் பாதில நிறுத்திட்டார். இந்திய வம்சாவளி டாக்டர் ஏப்ரஹாம் வர்கீஸ் அமெரிக்காவுல டென்னசில எய்ட்ஸ் நோயாளிகளப் பார்த்துக் களைச்சுப் போய், வேலைய விட்டுட்டு ஐயோவாவுல எழுத்துப் பயிற்சிக்குப் போனார், முடிச்சதும் மறுபடி ஆஸ்பத்திரிக்கே வந்துட்டார், 2009ல அவர் நாவல் பெரிய வெற்றி அடைஞ்சப்பவும் டாக்டர் வேலைய விடல.

இப்போ கஷ்டமான இடத்துக்கு வரலாம். கதை கொட்டிக் கிடக்குன்னு சொன்னோமே, அது யாரோட கதை? நோயாளி அந்த விஷயத்தச் சொன்னது ஒரு எழுத்தாளர்கிட்ட இல்ல, டாக்டர்கிட்ட, குணமாகணும்னு. புருஷனுக்குத் தெரியாதது, புள்ளைக்குத் தெரியாதது எல்லாம் அந்த ரூம்ல வரும். கேட்டது எதையும் வெளிய சொல்ல மாட்டேன்ங்கறது ஹிப்போக்ரேட்டஸ் உறுதிமொழிலயே இருக்கு, இந்தியாவுல 2002 மெடிக்கல் கவுன்சில் விதிகள்லயும் கோர்ட்டு உத்தரவு, பிறருக்கு ஆபத்து, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் மாதிரி சில விதிவிலக்கு தவிர ரகசியம் வெளிய வரக் கூடாது. அமெரிக்காவுல இத எண்ணியே வெச்சிருக்காங்க, நோயாளி தகவலப் பாதுகாக்கற ஹிப்பா சட்டத்துப்படி பேர், முகவரி, தேதி, போட்டோன்னு 18 அடையாளத்த எடுத்துட்டா தகவல் யாரோடதுன்னு தெரியாததா ஆயிடும். அதுல ஒண்ணு கவனிங்க, 89 வயசுக்கு மேலன்னா வயசையே சொல்லக் கூடாது, அவ்வளவு வயசானவங்க கம்மி, வயசே ஆளக் காட்டிக் குடுத்துடும்.

ஆனா கதைக்கு இந்த லிஸ்ட் போதாது. பேர மாத்தலாம், ஊர மாத்தலாம், ஆணப் பொண்ணாக்கலாம், ஆனா படிக்கறது அந்த நோயாளியே ஆச்சுன்னா தன்னோட அந்த ஒரு வாக்கியத்த அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க, அந்த வாக்கியத்துக்காகத்தான் டாக்டர் கதையே எழுதியிருப்பார். இத விட முடியாம, வெக்கவும் முடியாம திண்டாடறதுதான் இந்த எழுத்தோட நிரந்தரக் கஷ்டம். சரி அனுமதி கேட்டுடலாமேன்னா, படுக்கைல கிடக்கற நோயாளி தன் டாக்டர்கிட்ட மாட்டேன்னு சொல்ற நிலைமைல இருக்காரா? நாளைக்கும் அந்த டாக்டர்தான் வரணும். அதனால சிகிச்சை எல்லாம் முடிஞ்சு, டாக்டர், நோயாளிங்கற உறவு முடிஞ்ச பிறகு, எழுதினத முழுசா படிக்கக் குடுத்துக் கேக்கறதுதான் நேர்மைன்னு எனக்குப் படுது, அதுவும் உண்மைக் கதையா எழுதறதா இருந்தா. நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸ் தன் நோயாளிகளப் பத்தி பேர மாத்தி, அவ்வளவு அன்போட எழுதியும், ஊனமுற்றோர் உரிமை பேசற டாம் ஷேக்ஸ்பியர், "மனைவியத் தொப்பின்னு தப்பா நினைச்ச மனுஷன்"ங்கற அவர் புஸ்தகத் தலைப்பையே, நோயாளிகள இலக்கிய வாழ்க்கைன்னு தப்பா நினைச்ச மனுஷன்னு திருப்பி அடிச்சார். அது கொஞ்சம் அதிகப்படிதான்னு நினைக்கறேன், ஆனா கேள்வி பொய்யில்ல.

புனைவுன்னா தப்பிச்சுடலாமான்னா அதுவும் இல்ல. ஜார்க்கண்ட்ல அரசு டாக்டரா இருந்த ஹன்ஸ்தா சௌவேந்திர சேகர் சந்தால் மக்களப் பத்தி எழுதின சிறுகதைத் தொகுப்ப 2017 ஆகஸ்ட்ல மாநில அரசு தடை பண்ணுச்சு, கூடவே அவர் வேலையையும் சஸ்பெண்ட் பண்ணுச்சு. தடை அந்த டிசம்பர்லயே நீங்கிடுச்சு. நோயாளி ரகசியத்துக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும் எழுத்துக்கான தண்டனை டாக்டர் வேலைல வந்து விழுந்துச்சு.

எழுத ஆரம்பிக்கற டாக்டர்கள் கிட்ட நான் அடிக்கடி பார்க்கற குறை ஒண்ணு இருக்கு, அதச் சொல்லணும். கதைல நோயாளி வர்றார், கஷ்டப்படறார், டாக்டருக்கு ஒரு பாடம் சொல்லிக் குடுத்துட்டுச் செத்துப் போறார், டாக்டர் கண் கலங்கறார், முடிஞ்சுது. அந்த நோயாளி உலகத்துக்கு வந்ததே டாக்டரத் திருத்தறதுக்குத்தாங்கற மாதிரி. வில்லியம்ஸ் கதைல அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் மசியல, தோத்தும் கோபத்தோட டாக்டர் மேல பாயுது, அதனாலதான் அது ஆளா நிக்குது. இன்னொரு பழக்கம், பாத்திரத்துக்கு டயக்னோஸிஸ் போட்டு முடிக்கறது. வார்டுல டயக்னோஸிஸ் கிடைச்சா நிம்மதி, கதைல அது கிடைச்ச உடனே ஆள் காணாம போயிடறார். இதுக்கு ஒரு வழி இருக்கு, நோய் பேரயே எழுதாம ஒரு டிராஃப்ட் எழுதிப் பார்க்கறது. அதுல அந்த ஆள் இன்னும் உயிரோட இருந்தா, நோய் பேர் வேணுமா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.